ஓடை குறுக்கிடும் மலையிடுக்கில் ஒரு பகல் நடை

மலையிடுக்குக்குள் நடக்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும், "மேலே மழை உண்டா?" என்றுதான் முதலில் கேட்பேன். நம் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தால் போதாது. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் மலையிடுக்கில் 11 பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பெருமழை கொட்டியது தொலைவில், ஓடையின் மேற்பகுதியில். அதனால் ஓடை பிறக்கும் மேட்டு நிலத்துக்கும் வானிலை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இடி மழை என்றிருந்தால் வேறு நாள் போகலாம்.

சரி, ஓடையைக் கடப்பது எப்படி? குறுகலான இடம் சீக்கிரம் கடக்கலாம் போலத் தெரியும். ஆனால் ஆழமும் வேகமும் அங்கேதான் அதிகம். அகன்று, கூழாங்கற்கள் தெரிய ஓடும் இடத்தைத் தேடுங்கள், அதற்காகக் கொஞ்சம் நடக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. கால் வைப்பதற்கு முன் கீழ்ப்பக்கம் பாருங்கள்: அருவியோ, குறுக்கே விழுந்த மரமோ இருந்தால் அது கடக்கும் இடமே அல்ல. மரக்கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து போய்விடும், மனிதர் சிக்கிக்கொள்வார்.

ஷூவைக் கழற்றாதீர்கள். வெறுங்கால் பாசியில் வழுக்கும், கல்லிடுக்கில் மாட்டும். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கோலை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் சிறு சிறு அடியாக நகருங்கள். கோல், இரண்டு கால் என்ற மூன்றில் ஒன்றை மட்டுமே ஒரு நேரத்தில் எடுக்க வேண்டும். பாறைக்குப் பாறை தாவுவது எனக்குப் பிடிக்காது. கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் அதில்தான். நீரின் வேகம் இரட்டித்தால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே இழுப்புள்ள தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் நான் திரும்பிவிடுவேன், கூட வருபவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும்.

போகும்போது கடந்ததையெல்லாம் திரும்பும்போதும் கடக்க வேண்டும். பனி உருகி வரும் ஓடை மதியத்துக்கு மேல் பெருகும், காலையில் அடங்கியிருக்கும். ஒவ்வொரு கடவிலும் நீரின் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவேன். வரும்போது அது மூழ்கியிருந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

பையில் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி கூடுதலாக, நீர் புகாத உறையில் மாற்றுடை, தலைவிளக்கு. பாறைச் சுவர்கள் வெயிலை மறைப்பதால் இருட்டு முன்னதாகவே வரும். ஜிபிஎஸ்ஸும் தடுமாறும், காகித வரைபடம் இருக்கட்டும்.

நடக்கும்போது சுவர்களைக் கவனியுங்கள். அழகுக்காக மட்டுமல்ல, சருகும் சுள்ளியும் உயரத்தில் ஒட்டியிருந்தால் பழைய வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சுள்ளிகள் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே சருகு ஒட்டியிருக்கும் அந்த உயரத்துக்கும் மேலே ஏறுங்கள். வெள்ளத்தை ஓடி முந்த முடியாது. வடியும்வரை சில மணி நேரம், சில சமயம் ஒரு ராத்திரிகூட அங்கேயே இருக்க நேரலாம். அதற்குச் சாப்பாடும் ஸ்வெட்டரும் வேண்டும். எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதும் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.