பாட்டு நின்ற பிறகும் ஓடும் பிராசசர்: மீடியா பிளேயரைச் சரிசெய்யப் போய் நாம் செய்யும் தவறுகள்

பாட்டை நிறுத்தி அரை மணி நேரம் ஆகிறது. பிளேயர் திரையின் மூலையில் சும்மா கிடக்கிறது. ஆனால் லேப்டாப்பின் விசிறி மட்டும் ஓயவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பட்டியலின் உச்சியில் அதே பிளேயர், 12 சதவீதத்துக்குச் சற்று மேல். உடனே பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: அன்இன்ஸ்டால், திரும்ப இன்ஸ்டால். பத்து நிமிடத்தில் விசிறி மறுபடி சுற்றத் தொடங்கும்.

சுற்றாமல் என்ன செய்யும்? விண்டோஸில் பிளேயரின் அமைப்புகள், லைப்ரரி (உங்கள் பாட்டுகளின் பட்டியல்) தரவுத்தளம், பல சமயம் பிளக்-இன்களும்கூட (பிளேயருக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்கள்), உங்கள் பயனர் கணக்கின் ஆப்டேட்டா ஃபோல்டரில் இருக்கின்றன. அன்இன்ஸ்டால் செய்தாலும் அவை பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். புதிதாக வந்த பிளேயர் பழைய சிக்கலை அப்படியே எடுத்துக்கொள்கிறது. மாற்றியது சட்டையை மட்டும்தான்.

இதற்குப் பதில் வெறும் அமைப்புகளோடு ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். உங்கள் பிளேயர் ஃபூபார்2000 என்றால் வேறொரு ஃபோல்டரில் போர்ட்டபிள் முறையில், அதாவது அமைப்புகளும் அந்த ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும்படி, நிறுவலாம். வி.எல்.சி.யில் விருப்பத்தேர்வுகளை மொத்தமாக ரீசெட் செய்யும் பொத்தான் இருக்கிறது. எம்.பி.வி.க்கு உள்ளமைவுக் கோப்பைப் படிக்காமல் தொடங்கும் வசதி உண்டு. மற்றவற்றில் அமைப்பு ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்தால் போதும். அழித்துவிடாதீர்கள், வருடக்கணக்கில் சேர்த்த பிளேலிஸ்ட்டும், எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கும் அதற்குள்தான் இருக்கும். புதிய பிளேயர் அமைதியாக இருந்தால் கோளாறு உங்கள் அமைப்பில். அதுவும் சத்தம் போட்டால் பிளேயரிலோ, ஒலி, கிராஃபிக்ஸ் சாதனங்களை இயக்கும் டிரைவர் மென்பொருளிலோ.

எண்ணைப் பார்த்து ஏமாறுவது

"வெறும் 6 சதவீதம்தானே" என்று விட்டுவிடுவோரும் உண்டு, "100 சதவீதம்" என்று அலறுவோரும் உண்டு. இருவரும் பார்ப்பது ஒரே நோயாக இருக்கலாம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் எல்லா லாஜிக்கல் பிராசசர்களையும் (இயங்குதளம் தனித்தனிப் பிராசசராக எண்ணும் பகுதிகள்) சேர்த்து 100 என்று கணக்கிடுகிறது. மேக்கின் ஆக்டிவிட்டி மானிட்டரும் லினக்ஸின் டாப் கட்டளையும் வழக்கமாக ஒன்றை மட்டும் 100 என்று எடுத்துக்கொள்கின்றன. எனவே ஒரேயொரு த்ரெட் (ஒரு மென்பொருளுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) மூச்சு விடாமல் ஓடினால், 8 லாஜிக்கல் பிராசசர் உள்ள விண்டோஸில் அது 12.5 சதவீதம், 16 உள்ள இயந்திரத்தில் 6.25, மேக்கில் 100. விண்டோஸ் என்றால், உங்கள் இயந்திரத்தில் எத்தனை லாஜிக்கல் பிராசசர் என்று பார்த்து, 100ஐ அதால் வகுத்து ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிளேயர் காட்டும் எண் அதிலேயே ஆணி அடித்தாற்போல் நின்றால், உள்ளே ஏதோ ஒரு த்ரெட் குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

எண்ணைவிட வரைபடத்தின் வடிவத்தைத்தான் நான் நம்புவேன். நேர்கோடாக நின்றால், முடிவில்லாத சுழற்சி. 1, 3, 2 என்று சின்னதாக அலைந்துகொண்டே இருந்தால், திரையில் எதையோ வரைந்துகொண்டிருக்கிறது. சரியான இடைவெளியில் ஊசி போல எழுந்து அடங்கினால், ஏதோ ஒரு டைமர் எழுந்து எதையோ போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

(பட்டியலில் "சிஸ்டம் ஐடில் பிராசஸ்" 95 சதவீதம் எடுக்கிறது என்று பதறுபவர்களை இன்றும் பார்க்கிறேன். அது பிராசசர் வேலையில்லாமல் இருக்கும் நேரத்தின் கணக்கு. அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.)

எது "சும்மா"?

இடைநிறுத்தம் வேறு, நிறுத்தம் வேறு. இடைநிறுத்தியிருக்கும்போது பல பிளேயர்கள் ஒலிச் சாதனத்தைத் திறந்தே வைத்திருக்கும்; இணைய வானொலி என்றால் பின்னால் தரவு வந்து குவிந்துகொண்டும் இருக்கலாம். முழுக்க நிறுத்தினால் இவையெல்லாம் விடுபட வேண்டும். ஜன்னலை மூடுவதும் வெளியேறுவதும்கூட எல்லாப் பிளேயரிலும் ஒன்றல்ல. சில கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளும். அதேபோல் பிளேயரைத் திறந்த முதல் சில நிமிடங்களை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆயிரக்கணக்கான கோப்புகளின் டேகுகளை (பாட்டின் பெயர், பாடகர் போன்ற குறிப்புகள்) படிக்கும் நேரம் அது, நியாயமான வேலை.

இப்போது ஜன்னலை மினிமைஸ் செய்யுங்கள். எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று: குற்றவாளி திரையில் இருக்கிறது. ஸ்பெக்ட்ரம் (ஒலிக்கேற்ப ஏறி இறங்கும் பட்டைகள்), ஒலி அளவைக் காட்டும் முள், நகர்ந்துகொண்டே இருக்கும் பாட்டுத் தலைப்பு, அசையும் ஸ்கின் ஆகியவற்றில் ஒன்று. திரையின் புதுப்பிப்பு வேகம் 60 ஹெர்ட்ஸ் என்றால், அதோடு ஒட்டி வரையும் அசைவு நொடிக்கு 60 முறை வரையப்படும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவுடன் அதே பிளேயர் இரண்டு மடங்குக்கும் மேல் உழைக்கத் தொடங்குவது இதனால்தான். ஒழுங்காக எழுதப்பட்ட பிளேயர் பாட்டு நின்றதும் வரைவதையும் நிறுத்திவிடும். சில, மினிமைஸ் செய்தால் நிறுத்தும், ஆனால் இன்னொரு ஜன்னலுக்குப் பின்னால் முழுக்க மறைந்திருந்தாலும் பார்ப்பவர் யாருமில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கும். கிராஃபிக்ஸ் டிரைவர் சரியாக இல்லாவிட்டால், அந்த வரையும் வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழும். கோடி (Kodi) என்ற மென்பொருளைப் போன்ற மீடியா சென்டர்களில் மெனுவே கிராஃபிக்ஸ் எஞ்சின் வழியாக வரையப்படுவதால், கீழே ஓடும் செய்திப் பட்டை ஒன்று போதும், சும்மா இருக்கும் இயந்திரத்தைச் சூடாக்க.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, ஹார்ட்வேர் டீகோடிங்கை, அதாவது வீடியோவைப் பிரித்துப் படிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதியை, இயக்குவது. அது வீடியோ ஓடும்போது பிராசசரின் சுமையைக் குறைக்கும் நல்ல வசதி. எதுவுமே ஓடாதபோது டீகோட் செய்ய என்ன இருக்கிறது? தலைவலிக்குத் தலையணையை மாற்றிய கதை.

தன் வாலைத் தானே துரத்தும் லைப்ரரி

மினிமைஸ் செய்தும் எண் குறையவில்லையா? அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது "ஃபோல்டரைக் கண்காணி" என்ற வசதியை. என் அனுபவத்தில் இங்கேதான் அதிகம் சிக்கியிருக்கிறேன்.

இப்படிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிளேயர் இசை ஃபோல்டரைக் கண்காணிக்கிறது. ஒரு கோப்பு மாறியதும் அதைப் படித்து, ஆல்பத்தின் படத்தைச் சிறிதாக்கி அதே ஃபோல்டரில் சேமிக்கிறது. சேமித்ததும் ஃபோல்டர் மாறிவிட்டது என்று இயங்குதளம் தகவல் சொல்கிறது. பிளேயர் மறுபடி படிக்கிறது, மறுபடி சேமிக்கிறது. ஒரே ஃபோல்டரை இரண்டு பிளேயர்கள் கண்காணித்து, இரண்டும் பாட்டுக்கு நீங்கள் தரும் மதிப்பெண்ணை டேகில் எழுதினாலும் இதே கூத்துதான். நான் ஒருமுறை மூன்று நாள் தேடி, கடைசியில் பார்த்தால், கிளவுட் ஒத்திசைவு மென்பொருள் கோப்பைத் தொட, பிளேயர் எழுத, அது திரும்பத் தொட என்று இரண்டும் பந்து விளையாடிக்கொண்டிருந்தன.

நெட்வொர்க் டிரைவ் என்றால் இன்னொரு தொல்லை. லினக்ஸில் ஐநோட்டிஃபை என்ற கண்காணிப்பு வசதி, வேறொரு இயந்திரம் அந்த டிரைவில் செய்யும் மாற்றங்களைச் சொல்லாது. அதனால் சில மென்பொருள்கள் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தாமே போய் மொத்த ஃபோல்டரையும் எண்ணிப் பார்க்கும். வரைபடத்தில் ஊசிகள் தெரிவது இதனால் இருக்கலாம்.

விண்டோஸில் இதைக் கையும் களவுமாகப் பிடிக்க, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ப்ராசஸ் மானிட்டர் இருக்கிறது. பிளேயரின் பெயரை மட்டும் வடிகட்டி ஒரு நிமிடம் பாருங்கள். ஒரே பாதை திரும்பத் திரும்ப வந்தால் அங்கேதான் முடிச்சு. ஒரேயொரு பழுதான கோப்பே திரும்பத் திரும்ப வருவதும் உண்டு. அதை வேறிடத்துக்கு நகர்த்தியதும் எல்லாம் அடங்கும்.

த்ரெட்டைப் பார்க்காமல் பிளக்-இன்னைப் பிடுங்குவது

அதே தொகுப்பில் உள்ள ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரில் பிளேயரை இருமுறை கிளிக் செய்து த்ரெட்ஸ் பக்கத்துக்குப் போனால், எந்த த்ரெட் எவ்வளவு எடுக்கிறது, அது எந்த டி.எல்.எல். கோப்பில் (விண்டோஸ் மென்பொருள்கள் ஏற்றிக்கொள்ளும் நிரல் துண்டு) தொடங்கியது என்று தெரியும். அங்கே ஒரு பிளக்-இன்னின் பெயர் இருந்தால் தேடல் பெரும்பாலும் முடிந்தது. மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரிலேயே சாம்பிள் (பிளேயர் அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்ற பதிவு) எடுக்கலாம். லினக்ஸில் டாப் ஓடும்போது பெரிய எழுத்து ஹெச்சை அழுத்தினால் த்ரெட்கள் தனித்தனியாகப் பிரியும். ஒரு எச்சரிக்கை: ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரில் த்ரெட்டைக் கொல்லும் பொத்தானும் இருக்கிறது. தொடாதீர்கள். அந்த த்ரெட் லைப்ரரியைப் பூட்டி வைத்திருக்கும் நேரத்தில் கொன்றால், பிளேயர் உறைந்துபோகலாம், தரவுத்தளமும் கெடலாம்.

பெயர் தெளிவாகத் தெரியாவிட்டால் பிளக்-இன்களைப் பாதி பாதியாக அணைத்துப் பாருங்கள். 16 இருந்தால் நான்கே சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்றால், எதனால் சரியானது என்று உங்களுக்கே தெரியாது.

எய்தவன் இருக்க அம்பை நோகும் சம்பவங்களும் உண்டு. விண்டோஸில் ஆடியோடிஜி (audiodg) என்ற பிராசஸ் மேலே நின்றால், அது பிளேயர் அல்ல. விஸ்டா காலத்திலிருந்து ஒலி மெருகூட்டல்கள் அதற்குள்தான் ஓடுகின்றன. ஒலி அமைப்புகளில் அந்த மெருகூட்டல்களை அணைத்துப் பாருங்கள். ஆன்டிவைரஸ் மேலே நின்றால், பிளேயர் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் அது சோதித்துக்கொண்டிருக்கலாம். அணைக்க வேண்டியது ஆன்டிவைரஸை அல்ல, பிளேயரின் ஓயாத தேடலை.

பிளேயரின் முன்னுரிமையைக் குறைப்பது, அதைப் பிராசசரின் ஒரே கோருக்குள் அடைப்பது ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேறு வேலை இல்லாத பிராசசரில் கடைசி முன்னுரிமை த்ரெட்டும் முழு வேகத்தில்தான் ஓடும். சூடும் பேட்டரிச் செலவும் அப்படியே.

சதவீதம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தும் பேட்டரி கரைகிறது என்றால், டைமரைக் கவனியுங்கள். விண்டோஸின் வழக்கமான டைமர் 15.6 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 64 முறை துடிக்கும். மீடியா மென்பொருள்கள் துல்லியத்துக்காக அதை 1 மில்லிவிநாடி ஆக்கச் சொல்லும். பாட்டு நின்ற பிறகும் அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெறாவிட்டால் பிராசசர் ஆழ்ந்து தூங்கவே முடியாது. நிர்வாகி உரிமையோடு பவர்சிஎஃப்ஜி (powercfg) கட்டளையின் எனர்ஜி அறிக்கையை எடுத்தால், யார் கேட்டார்கள் என்று பெயரோடு வரும்.

இவ்வளவும் பார்த்து, பிளேயரின் சொந்தக் கோளாறுதான் என்று தெரிந்தால் அதை உருவாக்குபவர்களுக்கு எழுதுங்கள். "சிபியு அதிகம் எடுக்கிறது" என்ற ஒற்றை வரியை வைத்து அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. பதிப்பு எண், இயங்குதளம், எத்தனை லாஜிக்கல் பிராசசர், இடைநிறுத்தமா முழு நிறுத்தமா, மினிமைஸ் செய்தால் குறைகிறதா, வெறும் அமைப்பிலும் வருகிறதா, அந்த த்ரெட்டின் டி.எல்.எல். பெயர் ஆகிய ஏழும் இருந்தால், அவர்கள் தங்கள் மேசையிலேயே அதை வரவழைத்துப் பார்க்க வாய்ப்பு உண்டு.