குளிர்காலத்தில் வெளியே ஓடுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

குளிர் வந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, வெயில் திரும்பியதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பவர்கள் நிறையப் பேர். அதற்கு அவசியமே இல்லை. ஓடும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அதனால் குளிர் மட்டும் இருந்தால் ஓடுபவரை அவ்வளவு எளிதில் வாட்டாது. ஈரமும் காற்றும் அதோடு சேரும்போதுதான் சிக்கல். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே கீழே சொல்வதில் பாதிக்கு மேல் வியர்வையில் நனையாமல் இருப்பது பற்றித்தான்.

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா இருப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும். வறண்ட குளிர்காற்று மூச்சுக்குழாயையும் இறுக்கும்.

படி 1: காற்றின் வேகத்தைப் பாருங்கள்

வானிலைச் செயலியில் எல்லோரும் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் காற்றின் வேகத்தையும் பாருங்கள். மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், தோலுக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 20 மாதிரி இருக்கும். ‘உணரப்படும் வெப்பநிலை’ என்று போட்டிருப்பது இதைத்தான். அது மைனஸ் 28-ஐத் தொட்டால், மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள் உறைந்துபோகலாம். அன்றைக்கு வெளியே போக வேண்டாம். புதியவர்கள் மைனஸ் 10-க்குக் கீழேயே எச்சரிக்கையாக இருப்பது நல்லது என்பேன்.

படி 2: கொஞ்சம் குளிரும்படி உடுத்துங்கள்

செயலி காட்டும் வெப்பநிலையைவிடச் சுமார் 10 டிகிரி கூடுதல் என்று வைத்துக்கொண்டு உடை எடுங்கள். வாசலைத் தாண்டியதும் ‘கொஞ்சம் குளிருதே’ என்று தோன்ற வேண்டும். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். நிற்கும்போதே இதமாக இருந்தால், ஓடும்போது வியர்த்துக் கொட்டப்போகிறது என்று அர்த்தம்.

தோலை ஒட்டிய உடைதான் எல்லாவற்றிலும் முக்கியம். பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு, ஈரத் துணியாக முதுகில் ஒட்டிக்கொண்டே இருக்கும். பாலியெஸ்டர் அல்லது மெரினோ (மெரினோ ஆட்டின் மெல்லிய) கம்பளியில் உடம்போடு ஒட்டின முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 0 டிகிரி வாக்கில் அதற்கு மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் ஒன்று, காலுக்கு டைட்ஸ் (காலோடு ஒட்டிய முழுநீள உடை), இவை போதும். இன்னும் குளிர்ந்தால் நடுவில் ஒரு அடுக்கு சேருங்கள். தடிமனான ஒரே கோட்டைவிட மெல்லியதாக இரண்டு மூன்று மேல், வேண்டாதபோது ஒன்றைக் கழற்றிவிடலாம்.

ஜாக்கெட்டில் ஜிப் அவசியம். ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கழுத்துக்குப் பின்னால் ஈரம் தட்டுப்படும். அந்த நிமிடமே ஜிப்பை நெஞ்சுவரை இறக்கிவிடுங்கள். அப்புறமும் வியர்த்தால் கையுறையைக் கழற்றிப் பையில் போடுங்கள், அதற்கும் பிறகு குல்லா. காற்று எதிரே திரும்பும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். இந்தச் சின்ன வேலையைச் சலிக்காமல் செய்பவர்கள்தான் சுகமாக ஓடி முடிக்கிறார்கள்.

விரல், காது, மூக்கு இவைதான் முதலில் விறைக்கும். விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, நான்கும் ஒரே பையில் சேரும் கையுறை கூடுதல் சூடு தரும்.

படி 3: உள்ளேயே உடம்பைச் சூடேற்றுங்கள்

ஐந்திலிருந்து பத்து நிமிடம் போதும். நின்ற இடத்தில் நடை, முட்டியை உயர்த்துவது, பாதி உட்கார்ந்து எழுவது, கைகளைச் சுழற்றுவது. வியர்ப்பதற்கு முன் நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

படி 4: போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று

முதல் பாதியில் உடை காய்ந்திருக்கும், தெம்பும் இருக்கும். எதிர்க்காற்றை அப்போதே சந்தித்துவிடுங்கள். இதை மாற்றிச் செய்தால், வியர்த்த உடம்போடு காற்றுக்கு முகம் கொடுத்துத் திரும்ப வேண்டியிருக்கும். வீட்டைச் சுற்றியே சின்ன வட்டமாக இரண்டு மூன்று முறை ஓடுவது இன்னும் பாதுகாப்பு. ஏதாவது என்றால் உடனே உள்ளே போய்விடலாம். எந்த வழியில் போகிறீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். போனை உள்பையில், உடம்பை ஒட்டி வையுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

படி 5: தரையைப் பார்த்து அடி எடுத்து வையுங்கள்

புதிதாகப் பெய்த பனியில் ஓரளவு பிடிப்பு இருக்கும். மிதிபட்டு இறுகிய பனியும், பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்ததும்தான் ஆளை விழவைக்கும். இவற்றைவிட மோசம் பிளாக் ஐஸ். தார்ச் சாலைமேல் கண்ணாடி மாதிரி படிந்திருக்கும், பார்த்தால் வெறும் ஈரம் என்றுதான் தோன்றும். சாலை நனைந்தது போல மின்னியும், போகிற வண்டிச் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். பாலங்களுக்கு மேலும் கீழும் குளிர்காற்று படுவதால், சாலையின் மற்ற இடங்களுக்கு முன்பே அங்கே உறைந்துவிடும்.

இப்படிப்பட்ட இடத்தில் அடிகளைக் குட்டியாக வையுங்கள். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும். காலை முன்னால் நீட்டிக் குதிகாலை ஊன்றினால் வழுக்கும். திருப்பத்தில் நடந்தே போங்கள். அடிக்கடி பனியில் ஓடுவதாக இருந்தால், ஷூவின் மேல் மாட்டும் முள் வைத்த ரப்பர் பட்டை வாங்குவது வீண் செலவு இல்லை. வேகத்தைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம், நேரத்தை மட்டும் பாருங்கள். முதல் வாரங்களில் 20 நிமிடம் தாராளம்.

படி 6: மற்றவர்கள் கண்ணில் படுங்கள்

குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டும். நெற்றியில் ஹெட்லாம்ப் விளக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒளிரும் பட்டையைக் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் போடுங்கள், அசைகிற வெளிச்சத்தை ஓட்டுநர் மனிதர் என்று சட்டென்று புரிந்துகொள்வார். நடைபாதை இல்லாத இடத்தில் வண்டிகள் எதிரே வரும் பக்கமாக ஓடுங்கள்.

படி 7: எப்போது திரும்ப வேண்டும்?

மூச்சு எரிந்தால் வேகத்தைக் குறைத்து, வாயை மெல்லிய துணியால் மூடுங்கள். நெஞ்சு வலித்தாலோ இறுக்கிப் பிடித்தாலோ ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி உதவி கேளுங்கள்.

விரலோ மூக்கோ மரத்துப்போய், தோல் வெளிறி மெழுகு மாதிரி ஆனால் உடனே உள்ளே போங்கள். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டவும் கூடாது. உணர்ச்சி இல்லாத தோலுக்குச் சுடுவது தெரியாது. வெதுவெதுப்பான நீரில், 37 முதல் 39 டிகிரிக்குள், வையுங்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவமனைதான். நடுக்கம் நிற்காமல், பேச்சு குழறி, கால் தடுமாறினால் உடம்பின் உள்வெப்பம் இறங்குகிறது என்று பொருள். அது அவசர நிலை. கூட ஓடுபவரிடம் இதைக் கண்டால், அவர் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

படி 8: வந்ததும் உடையை மாற்றுங்கள்

ஓட்டம் நின்றதும் உடம்பு சூடு உண்டாக்குவது மளமளவென்று குறைந்துவிடும், ஈர உடை மட்டும் அப்படியே இருக்கும். தசைகளை நீட்டும் பயிற்சி அப்புறம். முதலில் காய்ந்த சட்டை, காய்ந்த சாக்ஸ். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடியுங்கள். ஷூவின் உள்ளட்டையை எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் பசை விட்டுப்போகும். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் மறுநாளைக்குக் காய்ந்திருக்கும்.