வேர்ச்சிறுகணுவின் கூர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் வலிகாமத்துச் செம்மண் தோட்டமொன்றில் மாணவர்கள் சிலர் கச்சான் செடிகளை வெறுங்கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வேரில் பற்றீரியாக்கள் குடியிருந்து வளியிலுள்ள நைதரசனைச் செடிக்காகப் பதிக்கும் சிறு முடிச்சுகளான கணுக்கள் மண்ணிலேயே அறுந்து நிற்கும் என்பதை அவர்களுக்கு அந்த மண்ணே கற்பித்துவிடும். ஆனால் அவர்களது குறிப்பேட்டிலிருந்த வம்சாவளி மரத்தைக் கண்டதும் என் பழைய தவறு நினைவுக்கு வந்தது.

றைசோபியம் ஒரே குலம் என்று எண்ணுதல்

அது கணுவில் வாழும் பற்றீரியாக்களின் பல குலங்களுக்கு வழங்கும் பொதுப்பெயர். தொட்டாற்சுருங்கியின் கணுவில் வாழும் பற்றீரியா ஒன்று, முற்றிலும் வேறொரு வகுப்பைச் சேர்ந்ததாக 2001 இல் தாய்வானிலிருந்து விவரிக்கப்பட்டது.

கணு இருந்தால் நைதரசன் பதித்தலும் உண்டு என்று எழுதுதல்

வெட்டிப் பாருங்கள். உள்ளே பதித்தலின் அடையாளமான இளஞ்சிவப்பு இல்லையெனில் எழுத வேண்டாம்.

பற்றீரியாவின் வம்சத்தையே ஒன்றியவாழ்வின் வம்சமாகக் கொள்ளுதல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். இதற்காக நான் ஒரு முழுப் போகத்தையும் கையிலிருந்த ஆய்வுப் பணத்தில் பெரும்பகுதியையும் இழந்தேன். கச்சான், பயறு, கௌப்பி ஆகியவற்றின் கணுக்களிலிருந்து பற்றீரியாக்களைப் பிரித்து, பற்றீரியாக்களின் வம்சத்தை அறியப் பயன்படும் 16எஸ் இறைபோசோம் பரம்பரையலகை மட்டும் வாசித்து, இடப்பக்கம் செடிகளின் மரத்தையும் வலப்பக்கம் பற்றீரியாக்களின் மரத்தையும் வரைந்து, நடுவே கோடிழுத்தேன். இணைந்தே கூர்ப்படைந்திருந்தால் நேராக ஓடவேண்டிய கோடுகள் பனையோலைப் பாய்போல் குறுக்கும் மறுக்குமாகச் சென்றன. மாதிரிகள் கலந்துவிட்டன என்று முடிவுகட்டி, அடுத்த போகத்தில் எல்லாவற்றையும் மீண்டும் சேகரித்தேன். கோடுகள் மீண்டும் வெட்டிக்கொண்டன. (இம்மூன்று பயிர்களும் பிராடிறைசோபியம் வகைகளை அதிகம் தெரிவு பாராமல் ஏற்பவை என்பதையும் அப்போது யோசிக்கவில்லை.) ஆய்வேட்டை வாசித்த மூத்த ஆசிரியர் ஓரத்தில் ஒரு வரிதான் எழுதியிருந்தார்: "கணுவை ஆக்கும் பரம்பரையலகின் மரம் எங்கே?"

செடி பெரும்பாலும் பற்றீரியாவை இனங்காண்பது, அது சுரக்கும் நொட் காரணி என்னும் சைகை மூலக்கூறைக் கொண்டே. அதை ஆக்கும் பரம்பரையலகுகள் பிளாஸ்மிட்டிலோ நிறமூர்த்தத்தின் தனித் துண்டொன்றிலோ அமர்ந்திருப்பதால், ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை. நியூசிலாந்தில், பொருத்தமான பற்றீரியா இல்லாத நிலமொன்றில் ஒரேயொரு பற்றீரியாக் குலவகையைச் சேர்த்து லோட்டஸ் என்னும் தீவனச்செடியை விதைத்தார்கள். 7 ஆண்டுகளின் பின் கணுக்களில் பல்வேறு பற்றீரியாக்கள் இருந்தன. உள்ளூர் மண்வாசிகள், வந்த குலவகையிடமிருந்து ஏறத்தாழ 5 இலட்சம் மூலச்சோடிகள் நீளமான டி.என்.ஏ துண்டொன்றை அப்படியே பெற்றிருந்தன. 1995 இலும் 1998 இலும் வெளியான இம்முடிவுகளை நான் முதலிலேயே வாசித்திருந்தால் இரண்டாம் போகம் தேவைப்பட்டிராது. 16எஸ் பரம்பரையலகோடு, நொட் காரணியை ஆக்க உதவும் நொட்-சி, நைதரசன் பதித்தலுக்குரிய நிஃப்-எச் ஆகிய பரம்பரையலகுகள் இரண்டையும் வாசித்து, மூன்று மரங்களையும் தனித்தனியே வரைந்து ஒப்பிடுங்கள்.

நைதரசன் பதித்தலுக்கும் கணுவுக்கும் ஒரே வயது கொடுத்தல்

பதித்தலைச் செய்யும் நைதரசனேசு நொதியம் அவரைக்குடும்பத்தைவிட மிகமிகப் பழையது.

கணுவில்லாத செடியைப் பழமையானதாகக் கருதுதல்

அவரைக்குடும்பத்தையும் அதன் உறவுக் குடும்பங்களையும் ஒப்பிட்ட 2018 ஆம் ஆண்டு ஆய்வுகள், கணு ஆக்காத பல இனங்களில் கணு உருவாகத் தேவையான 'நின்' என்னும் பரம்பரையலகு தனித்தனியே தொலைந்தோ சிதைந்தோ போயிருப்பதைக் காட்டின. ஆகவே வேலியோரப் புளியமரத்தின் வேரில் கணு இல்லை என்பதை மட்டும் வைத்து, அதன் மூதாதையரிடமும் கணு இருந்ததில்லை என்று எழுதிவிடாதீர்கள்.