வாடிப்பட்டியிலிருந்து காசிக்கு: பழைய ஏழாம் நம்பர் சாலையில் காரில் போகிறவர்களுக்கு

வாடிப்பட்டியில் எங்கள் வீட்டுப் பக்கம் நான்கு வழிச் சாலையில் ஏறி வடக்கே திரும்பினால், நாக்பூரைத் தாண்டி மத்தியப் பிரதேசத்து லக்னாதோன் வரை ஒரே ரோடுதான். இன்றைக்கு அதன் எண் 44. 2010-இல் எண்களை மாற்றுவதற்கு முன்னால் கன்னியாகுமரியிலிருந்து வாரணாசி வரை முழுவதும் என்.எச். 7, மொத்தம் 2,369 கி.மீ. டூரிஸ்ட் வேன் ஓட்டிப் பிழைக்கும் எனக்கு இப்போதும் ஏழு என்றுதான் வாயில் வருகிறது. காசிக்குச் சொந்தக் காரில் போக வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

இது நேற்றுப் போட்ட ரோடு இல்லை. மதுரைக்குத் தெற்கே ராணி மங்கம்மாள் காலத்துச் சாலை. 1689 முதல் ஆட்சியை நடத்திய அவர் பெயரில் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரம் இன்னும் இருக்கிறது. வடக்குக் கோடியில் நாக்பூர், ஜபல்பூர், மிர்சாபூர் வழி. ரயில் வருவதற்கு முன்னால் விதர்ப்பத்துப் பருத்தி மாட்டு முதுகிலும் வண்டியிலும் ஏறி கங்கைக்கரைச் சந்தைக்குப் போன பாதை அது. வழிப்போக்கர்களோடு சிநேகமாகச் சேர்ந்து நடந்து, கழுத்தை நெரித்துக் கொன்று கொள்ளையடித்த தக்கர்கள் உலவியதும் அந்தப் பக்கம்தான். அவர்களை ஒடுக்கிய ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமன் ஜபல்பூரில் இருந்துதான் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் காசிக்குப் புறப்பட்டவர்கள் வீட்டில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போனது சும்மா இல்லை.

முதலில் மாதம். சித்திரை, வைகாசியில் போகவே போகாதீர்கள். நாக்பூரில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். சிமென்ட் ரோட்டில் டயர் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆடி, ஆவணியில் மத்தியப் பிரதேசத்தில் நல்ல மழை. மார்கழி, தையில் ஜபல்பூர் தாண்டி வரும் ரேவாவுக்கு அந்தப் பக்கம் மூடுபனி. முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாது. மிச்சம் இருப்பது ஐப்பசிக் கடைசியும் கார்த்திகையும், அப்புறம் மாசியும். கார்த்திகையில் நம் ஊரில் மழை கொட்டும்போது அங்கே வானம் வெளுத்திருக்கும். மாசியில் சிவராத்திரியை ஒட்டிப் போனால் காசியில் அறை கிடைப்பது கஷ்டம், அதை விட்டுத் தள்ளிப் போங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். மேப்பில் தூரத்தைப் பார்த்து, ஒரு நாளைக்கு 600 கி.மீ. என்று வகுத்து, நான்கு நாளில் போய்விடலாம் என்பார்கள். அப்படி வகுக்காதீர்கள். இருட்டுவதற்கு முன்னால் எந்த ஊரில் வண்டியை நிறுத்துவது என்பதை முதலில் எழுதுங்கள், தூரம் அதற்குள் அடங்கட்டும். இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தோன்றுவதில்லை. கார்த்திகையில் மதுரையில் ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும். காசிப் பக்கம் ஐந்தேகாலுக்குள் சூரியன் இறங்கிவிடும். வடக்கே போகப் போகப் பகல் குறுகுகிறது, ஓட்டுகிறவர் உடம்பும் அசந்து போகிறது. அதனால் முதல் மூன்று நாள் நீளமாக வைத்து, அப்புறம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

நான் போட்டுக் கொடுக்கும் திட்டம் இது. முதல் நாள் ஓசூர், 400 கி.மீ. சுமார். பெங்களூருவுக்குள் அன்றே நுழையக் கூடாது. மறுநாள் விடியும் நேரத்தில் கிளம்பி, ஆபீஸ் கூட்டம் வருவதற்கு முன்னால் நகரின் வடக்குப் பக்கத்து ஹெப்பாளைத் தாண்டிவிட வேண்டும். இரண்டாம் நாள் கர்நூல். மூன்றாம் நாள் ஹைதராபாத் நகரத்துக்குள் போகாமல், ஷம்ஷாபாத்தில் வெளிவட்டச் சாலை ஏறி மேட்சல் பக்கம் இறங்கி நிர்மல். நான்காம் நாள் நாக்பூர், 300 கி.மீ.க்குள்தான். ஐந்தாம் நாள் ஜபல்பூர். அங்கே ஒரு நாள் முழுக்க ஓய்வு, வண்டிக்கும்தான். அப்புறம் ரேவா, அதற்கு அடுத்த நாள் மங்காவான், மிர்சாபூர் வழியாகக் காசி. கடைசி இரண்டு நாளும் தலா 240 கி.மீ. போலத்தான் வரும். எட்டாம் நாள் வெளிச்சத்திலேயே கங்கையைப் பார்க்கலாம்.

வண்டிக்கு வருவோம். இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் எல்லாம் உங்கள் மெக்கானிக் பார்த்துக்கொள்வார். டயரை மட்டும் நீங்களே குனிந்து பாருங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (ரோட்டில் படும் மேடு) தேயாமல் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டிய டயரோடு இந்தப் பயணம் வேண்டாம். ஸ்டெப்னியிலும் அதே எண்ணைப் பாருங்கள். அநேகமாக அதுதான் வண்டியிலேயே வயதானதாக இருக்கும். காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே பிடியுங்கள்.

வழியில் டீக்கு நிறுத்தும்போதெல்லாம் வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் டிஸ்க் பக்கத்திலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். நான்கில் ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த ஊரிலேயே காட்டிவிடுங்கள். இதற்கு அரை நிமிடம் போதும். இந்தப் பழக்கம் எத்தனையோ முறை எங்களை நடுக்காட்டில் நிற்காமல் காப்பாற்றியிருக்கிறது.

டோலுக்கு, சொந்த உபயோகக் காராக இருந்தால் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு வந்தது. ஒரு வருடம் அல்லது 200 தடவை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. ஹைதராபாத் வெளிவட்டச் சாலையில் அது செல்லாது, அதற்கு ஃபாஸ்டேகில் தனியாகப் பணம் இருக்க வேண்டும். வாடகை வண்டியாக இருந்தால் இந்த பாஸும் கிடையாது. அகில இந்திய பெர்மிட் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். நெடுஞ்சாலையில் எது நடந்தாலும் 1033.

வீட்டுப் பெண்கள், பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் கழிப்பறைக்காக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் திட்டத்திலேயே இருக்கட்டும். ஆண்கள் போடும் பட்டியலில் இது இருப்பதே இல்லை. அதனால் எத்தனை அம்மாக்கள் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்து வந்து காய்ச்சலில் விழுந்திருக்கிறார்கள்! பெரிய பெட்ரோல் பங்காகப் பார்த்து நிறுத்துங்கள். சாப்பாட்டுக்கு முதல் நாள் புளியோதரை, பொடி தடவிய இட்லி. நிர்மலுக்கு மேல் ரொட்டியும் பருப்பும்தான், பழகிவிடும். சின்ன ரைஸ் குக்கர் ஒன்று வைத்துக்கொண்டால் இரவு அறையில் ரசம் சாதமாவது கிடைக்கும்.

வழியில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஆசைப்படாதீர்கள். பெங்களூரு தாண்டிக் கொடிகொண்டாவில் இடது பக்கம் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் லேபாட்சி; விஜயநகரக் காலத்துக் கோயில், ரோட்டோரத்தில் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி. கர்நூலுக்கு அக்கரையில் ஆலம்பூர், பாதாமி சாளுக்கியர் கட்டிய நவபிரம்மா கோயில்கள். கூட்டமே இருக்காது, எனக்கு லேபாட்சியைவிட அதுதான் பிடிக்கும்.

மதுரைக்காரர்கள் தவறவிடக் கூடாதது சேவாகிராமம். நாக்பூருக்கு முன்னால் ஜாம் என்ற இடத்தில் வார்தா பக்கம் திரும்ப வேண்டும். 1921 செப்டம்பர் 22-இல் நம் மேலமாசி வீதி வீட்டில் காந்தி அரை வேட்டிக்கு மாறினார். 1936-இல் சேவாகிராமத்துக்குப் போய்க் குடியேறிய மண் குடிசையில் அதே உடையோடுதான் வாழ்ந்தார். இரண்டையும் இந்த ஒரே ரோடு சேர்க்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. நான்காம் நாள் தூரத்தைக் குறைத்து வைத்ததே இதற்காகத்தான். நாக்பூர் தாண்டி பெஞ்ச் புலிக்காட்டில் ரோட்டைப் பாலம்போல உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மேலே நாம், கீழே விலங்குகள். அங்கே இறங்கி நின்று போட்டோ எடுக்காதீர்கள்.

இரண்டு மலை இறக்கங்களில் முக்கியமாகக் கவனம் வேண்டும். போகும்போது ரேவாவுக்கும் மிர்சாபூருக்கும் நடுவே டிரம்மண்ட்கஞ்ச் பக்கம். திரும்பி வரும்போது தர்மபுரி தாண்டித் தொப்பூர். தொப்பூரில் எத்தனை விபத்து என்று நமக்கே தெரியும், வீடு நெருங்கிவிட்டது என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும். கியரைக் குறைத்து, பின்னால் வரும் லாரிக்கு இடம் விட்டு இறங்குங்கள். நியூட்ரல் வேண்டவே வேண்டாம்.

காசியில் காரைக் கோவில் பக்கம் கொண்டுபோக முடியாது. வெளியே கட்டணப் பார்க்கிங்கில் விட்டு ஆட்டோவில் போங்கள். தங்க நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது, முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

முறைப்படி யாத்திரை செய்கிறவர்கள் ஒன்றை முதலிலேயே திட்டத்தில் சேர்க்க வேண்டும். ராமேஸ்வரத்துக் கடல் மண்ணை எடுத்துப் போய்ப் பிரயாகையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை நிறைவு. ஆகவே மதுரையிலிருந்து 170 கி.மீ. தென்கிழக்கே உள்ள ராமேஸ்வரத்துக்குப் போய் வர, காசிப் பயணத்துக்கு முன்னால் ஒரு நாள், பின்னால் ஒரு நாள் வேண்டும். திரும்பும்போது பிரயாகையிலிருந்து நேராக ரேவாவுக்கு வந்துவிடலாம். கங்கைச் சொம்பை வாயை ஈயம் வைத்து அடைத்தே வாங்குங்கள். டிக்கியில் போட்டால் உருண்டு நசுங்கும், பின்சீட்டுக் கால் பக்கம் துணி சுற்றி நிறுத்துங்கள்.