பழைய காரில் புது ஆடியோ: என்னை ஒரு மாதம் அலையவிட்ட எர்த் ஒயர்

என்னுடையது கேசட் காலத்துக் கார். புது ஹெட் யூனிட் (டேஷ்போர்டில் உட்காரும் பாட்டுப் பெட்டி), நாலு சேனல் ஆம்ப்ளிஃபையர் (ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலைப் பெருக்கும் பெட்டி), முன்கதவுகளில் இரண்டு ஸ்பீக்கர், டிக்கியில் பேஸுக்கென்றே ஒரு சப்வூஃபர் எல்லாம் நானே மாட்டினேன். இரண்டு நாள் வேலை என்று நினைத்தது ஒரு மாதம் இழுத்தது. அதில் முக்கால்வாசி ஒரே ஒரு ஒயருக்காகப் போனது. அதனால் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வாங்கும் முன் அளவு

டேஷ்போர்டில் 180 × 50 மி.மீ. துளை இருந்தால் சிங்கிள் டின் என்ற அளவு ஹெட் யூனிட். 180 × 100 இருந்தால் டபுள் டின். ஸ்பீக்கருக்கு விட்டத்தை எல்லோரும் அளப்பார்கள், ஆழத்தை மறந்துவிடுவார்கள். கதவுக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு அளந்து பாருங்கள். ஏற்றிவைத்து அளந்தால், மாட்டி முடித்து முதல் தடவை கண்ணாடியை இறக்கும்போது காந்தத்தில் 'டக்' என்று இடிக்கும்.

ஹெட் யூனிட் ஒயர்கள்

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் ஒயரில் கை வைக்க வேண்டும். புது யூனிட்டில் வழக்கமாக மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட், கறுப்பு எர்த், அதாவது கார் பாடியோடு சேரும் ஒயர். வெள்ளைக் கோடு போட்ட நீலம் ஆம்ப்ளிஃபையரை எழுப்பும் ரிமோட் ஒயர். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்தால், சாவியை எடுக்கும்போதெல்லாம் செட்டிங் அழிந்துபோகும்.

காரிலிருந்து வரும் ஒயர்களின் நிறங்களை நம்பாதீர்கள். இத்தனை வருடத்தில் எத்தனை பேர் அங்கே டேப் சுற்றியிருப்பார்களோ! அளக்கும் நேரம் மட்டும் பேட்டரியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சாவி இல்லாமல் ஒரு தடவை, சாவி போட்டு ஒரு தடவை மல்ட்டிமீட்டரில் பாருங்கள். டெஸ்ட் லாம்ப் போதும் என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. பின்னால் வரும் சோதனைக்கு எண் தெரிந்தாக வேண்டும்.

பழைய ஸ்பீக்கர் ஒயர்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சில பழைய கார்களில் ஸ்பீக்கர் நெகட்டிவ்கள் ஒன்றாகச் சேர்ந்தோ பாடியோடு இணைந்தோ இருக்கும். புது யூனிட்டில் அப்படிக் கொடுத்தால் ஸ்பீக்கரை ஓட்டும் அதன் அவுட்புட் ஐ.சி. (சிப்) போய்விடும். நான் வம்பே வேண்டாம் என்று புது ஒயர் இழுத்துவிட்டேன். ஸ்பீக்கரின் பிளஸ் எது என்று தெரியாவிட்டால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே வந்தால், பேட்டரி பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ்.

பவர் ஒயர்

ஆம்ப்ளிஃபையருக்கு நேராகப் பேட்டரியிலிருந்து ஒயர் வர வேண்டும். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் கட்டாயம். எஞ்சின் அறைத் தகட்டுத் துளையில் ரப்பர் குரோமெட் போடுங்கள். இல்லாவிட்டால் தகடு ஒயரை மெல்ல அறுத்துவிடும். தாமிரம் பூசிய அலுமினிய ஒயர் விலை குறைவுதான். ஆனால் அதே தடிமனில் மின்தடை அதிகம். முனையைச் சுரண்டிப் பார்த்து, உள்ளே வெள்ளையாக இருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். பவர் ஒயர் ஒரு ஓரமாகப் போனால், ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிள் மறு ஓரமாகப் போகட்டும்.

எர்த்

இங்கேதான் விழுந்தேன். பாட்டுப் போட்டால் பின்னணியில் 'ங்ஙீ...' என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் சுதி ஏறும். ஆல்டர்னேட்டர் சத்தம் இப்படித்தான் இருக்கும். ஆர்.சி.ஏ.வைப் பிடுங்கினேன், சத்தம் நின்றது. குற்றவாளி கேபிள்தான் என்று விலை கூடிய கேபிள் வாங்கினேன். மாட்டியதும் அதே 'ங்ஙீ'. அப்புறம் நாய்ஸ் ஃபில்டர் வாங்கினேன். சத்தம் பாதி குறைந்தது, பேஸும் கூடவே குறைந்தது.

கேபிள் மேல் தப்பே இல்லை. ஹெட் யூனிட்டுக்கு ஒரு எர்த், ஆம்ப்ளிஃபையருக்கு இன்னொரு எர்த். இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் அதனால் ஆர்.சி.ஏ. கேபிளின் வெளி உறைக் கம்பி வழியாக மின்சாரம் ஓடி ஸ்பீக்கரில் சத்தமாகக் கேட்கும். கேபிளைப் பிடுங்கினால் வழி அடைபடுகிறது, அவ்வளவுதான்.

எஞ்சினை ஓடவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, மல்ட்டிமீட்டரை டி.சி.யில் வைத்து ஒரு முனையை ஆம்ப்ளிஃபையரின் எர்த் டெர்மினலிலும் மற்றதைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் வைத்தேன். 0.9 வோல்ட்! 0.1க்குக் கீழே இருந்தால் நிம்மதி. டிக்கியில் கையில் அகப்பட்ட போல்ட்டில் எர்த்தை மாட்டியிருந்தேன். அதைக் கழற்றினால் அடியில் பெயின்ட் கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஒயர் பெயின்ட் மேல் உட்கார்ந்திருந்தது. மின்சாரம் போல்ட்டின் மரை வழியாக ஏதோ தட்டுத் தடுமாறிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஒயர் முனையில் இருக்கும் வளையத்தின் அகலத்துக்கு, வெற்றுத் தகடு தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். பல் வைத்த வாஷர் வைத்து இறுக்கி, மேலே பெயின்ட் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் துரு பிடிக்கும். எர்த் ஒயர் பவர் ஒயர் அளவுக்கே தடிமனாக, 45 செ.மீ.க்குள் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் மாட்டாதீர்கள். அது உயிர் காக்கிற போல்ட்.

தேய்த்து மாட்டியதும் மீட்டர் 0.06 காட்டியது. ஃபில்டரைக் கழற்றி எறிந்தேன்.

கெய்ன்

கெய்ன் என்பது வால்யூம் இல்லை. ஹெட் யூனிட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்தும் திருகு அது. ஹெட் யூனிட்டை முக்கால் வால்யூமில் வைத்து, பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் விட்டு, கெய்னைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பாட்டு கரகரக்க ஆரம்பித்ததும் சற்றுக் குறைத்துவிடுங்கள். கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்கு மேலுள்ள ஒலி மட்டும் போகும்), சப்வூஃபருக்கு அதே இடத்தில் லோ பாஸ் (கீழுள்ளது மட்டும் போகும்). மீதியைக் காது பார்த்துக்கொள்ளும்.

பிற்சேர்க்கை

இதைப் பார்த்து வேலை செய்த ஒருவர், பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது என்றார். மின்சாரத்தைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் கெப்பாசிட்டர் வாங்கப் போனவரைத் தடுத்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், எஞ்சினிலிருந்து பாடிக்கும் போகும் பழைய எர்த் பட்டை ஒயர்களைப் பார்க்கச் சொன்னேன். ஒன்று பச்சை பூத்து, பாதி இழை அறுந்து கிடந்ததாம். மாற்றியதும் சரியாகிவிட்டது.

இன்னொருவர் காரில் பாடிக்கு இணைத்திருப்பது பேட்டரியின் பிளஸ். மிகப் பழைய கார்களில் அப்படி உண்டு, 6 வோல்ட் கார்களும் உண்டு. உங்களுடையது அந்த ரகம் என்றால் மேலே சொன்ன எதையும் அப்படியே செய்யாதீர்கள்.