வளைகாப்புப் படத்துக்கு வேட்டியும் தெர்மாகோலும் போதும்

வயிற்றின் உருண்டையைப் படத்தில் காட்டிக்கொடுப்பது நிழல். கேமரா இருக்கும் பக்கமிருந்தே ஃபிளாஷ் அடித்தால் அந்த நிழல் முதுகுக்குப் பின்னால் ஓடிவிடும். எட்டு மாத வயிறும் தட்டையாக விழும். ரிங் லைட்டும் இதே வேலையைத்தான் செய்யும், அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

தேவையானவை: ஒரு ஜன்னல், நாலு முழ வெள்ளை வேட்டி, பெரிய தெர்மாகோல் அட்டை, கறுப்புப் போர்வை, பத்துத் துணி கிளிப்.

வடக்குப் பார்த்த ஜன்னல் என்றால் ஏறக்குறைய நாள் முழுக்க நம்பலாம். கிழக்கு ஜன்னலில் வெயில் விலகிய பிறகு எடுங்கள். வேட்டியை ஒற்றை மடிப்பாக, சுருக்கமில்லாமல் இழுத்து ஜன்னலில் கிளிப் போடுங்கள். இது வெளிச்சத்தை மென்மையாக்குவதோடு, ஜன்னல் கம்பியின் கோடு புடவைமேல் விழாமலும் தடுக்கும். இரண்டு மடிப்பாகப் போட்டால் வெளிச்சம் மேலும் குறைந்துவிடும், படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அறையிலுள்ள டியூப் லைட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் முகம் ஒரு பக்கம் ஒரு நிறமாகவும் மறுபக்கம் வேறு நிறமாகவும் தெரியும், பிறகு திருத்துவது பெரும்பாடு.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது நிற்கும் இடத்தில்தான். ஜன்னலிலிருந்து மூன்று, நாலு அடி தள்ளி, ஜன்னலைப் பார்த்துக் கர்ப்பிணியை நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் அவருக்குப் பக்கவாட்டில், ஜன்னல் சுவரை ஒட்டினாற்போல் இல்லாமல் ஓரிரு அடி உள்ளே நில்லுங்கள். பிறகு அவர் உங்கள் பக்கம் கொஞ்சமாக, கால்வாசிக்கும் குறைவாகத் திரும்பட்டும். வயிற்றின் முன்பக்கம் பளிச்சென்று இருந்து, இடுப்பை நோக்கி மெல்ல மெல்ல இருட்ட வேண்டும். முதுகு ஜன்னல் பக்கம் போனால் வயிறு கறுத்துவிடும்.

பால்கனிக் கதவு போல தரைவரை வெளிச்சம் வரும் இடமானால், கீழ்ப்பாதியைக் கறுப்புப் போர்வையால் மறையுங்கள். கீழிருந்து வெளிச்சம் வந்தால் வயிற்றுக்கு அடியில் விழ வேண்டிய நிழல் அழிந்து உருண்டையும் போய்விடும். மூக்குத் துவாரம் பளிச்சிடுவது தனிக் கொடுமை.

இருட்டுப் பக்கம் மிகவும் அடர்த்தியாக இருந்தால் அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தெர்மாகோலைச் சாய்த்து வையுங்கள், அது ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். மூன்றடி தூரத்தில் தொடங்கி, புடவை மடிப்பு கண்ணுக்குத் தெரியும்வரை மட்டும் நகர்த்துங்கள். ஒட்டி வைத்தால் நிழல் செத்துப்போகும். பச்சை, ரோஸ் சுவருள்ள அறையானால் எதிர்மாறாகச் செய்யுங்கள்: அந்தச் சுவரைப் போர்வையால் மூடுங்கள், இல்லாவிட்டால் கன்னத்தில் பெயின்ட் நிறம் ஒட்டிக்கொள்ளும்.

கனமான பட்டு விறைத்து நிற்பதால் வடிவத்தை மறைக்கும். மெல்லிய பருத்தியோ சாஃப்ட் சில்க்கோ நல்லது. ஒரு கையை வயிற்றுக்கு அடியில் வைத்தால் துணி இழுபட்டு வளைவு தானாகத் தெரியும். வயிற்றைத் திறந்து காட்ட விரும்பாதவர்களுக்கும் இது போதும்.

மொபைலில் 2 மடங்கு ஜூம் வைத்துப் பின்னால் தள்ளி நில்லுங்கள். கிட்டப்போய் எடுத்தால் உடம்பின் அளவுகள் கோணும். மொபைலை அவருடைய மார்பு உயரத்தில் பிடியுங்கள். மொபைல் திரையில் வயிற்றின் பளிச்சென்ற இடத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். கேமரா என்றால் 50 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8 (லென்ஸ் துளையின் அளவு), ஷட்டர் வேகம் 1/125 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 400-லிருந்து தொடங்கலாம்.

இரவில் 12 வாட் எல்இடி பல்பு ஒன்றைப் பக்கவாட்டில் இருக்கும் வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள். சுவரில் பட்டு வரும் வெளிச்சமே உங்கள் ஜன்னல். பல்பின்மேல் துணி போர்த்தாதீர்கள், சூடேறும். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-க்கு மாற்றுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல்பின் மினுமினுப்போடு அந்த வேகம் ஒத்துப்போகும். ஒயரைச் சுவரோரமாக ஒட்டிவிடுங்கள், கர்ப்பிணிக்குக் காலடி தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார வையுங்கள், மல்லாக்கப் படுக்கச் சொல்லாதீர்கள்.

வளையல் கையை வயிற்றில் வைத்து எடுக்கும் குளோசப்புக்குத் தெர்மாகோலை அகற்றிவிடுங்கள். கண்ணாடி வளையல் ஒவ்வொன்றிலும் ஜன்னல் ஒரு சிறு வெள்ளைக் கீற்றாக மின்னும். அட்டையும் இருந்தால் இரண்டாவது கீற்று விழுந்து, பச்சையும் சிவப்பும் வெளுத்துவிடும்.