சிறிய கச்சேரிக் கூடத்திற்கு ஸ்பீக்கர் தேர்ந்தெடுத்த என் அனுபவம்

மதுரை மேலமாசி வீதிக்கு அருகில் நூறு பேர் அமரக்கூடிய எங்கள் கச்சேரிக் கூடத்தில், முன்வரிசைக்குக் காது வலிக்கும் அளவு ஒலி கேட்டாலும், கடைசி வரிசைக்குச் சாகித்தியம் புரியவில்லை. அதிக வாட் உள்ள பெட்டி வாங்குங்கள் என்றே பலரும் சொன்னார்கள். ஆனால் குறை சக்தியில் இல்லை. டைல்ஸ் தரையிலும் கான்கிரீட் கூரையிலும் பட்டுத் திரும்பிய எதிரொலியே சொற்களை மூடியது.

திறந்தவெளியில் சாதாரணப் பெட்டியின் ஒலி, தூரம் இரட்டிக்கும்போது ஏறத்தாழ 6 டெசிபல் குறையும்; சிறு ஸ்பீக்கர்களை மேலிருந்து கீழாக அடுக்கிய காலம் (column) ஸ்பீக்கரிலோ, அருகிலுள்ள தூரங்களில் இந்தக் குறைவு 3 டெசிபலை ஒட்டியே இருக்கும் என்பதோடு, ஒலி கூரைக்கும் அதிகம் போகாது. ஆகவே பழைய 15 அங்குலப் பெட்டிகளை நீக்கி, இரண்டு காலம் ஸ்பீக்கர்களை மேடை விளிம்புக்கு முன்னால், மைக்குகள் அவற்றின் பின்புறம் அமையும்படி நிறுத்தினேன். ஸ்பீக்கர் ஒலி மீண்டும் மைக்கில் நுழைவதால் எழும் ஊளைச் சத்தம் பெரும்பாலும் அடங்கியது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துத் தாழ்ந்த ஒலிக்காக, அத்தகைய ஒலியை மட்டும் தரும் சப்வூஃபர் ஒன்று தேவைப்பட்டது. அதையும் அளவாகவே வைத்தேன். பாடகர் தன் குரலைக் கேட்பதற்கான மேடை ஸ்பீக்கரான மானிட்டரை, பின்னாலிருந்து வரும் ஒலியை அதிகம் வாங்காத கார்டியாய்ட் மைக்கின் பின்பக்கம் நோக்கித் திருப்பிய பிறகு, தம்புரா சுருதி கடைசி வரிசையிலும் தெளிவாகக் கேட்கிறது.